கதவிடுக்கில் ஒரு துணிப்பாம்பு

குளிர் நாடுகளில் வீட்டின் வெப்பத்தைக் காப்பாற்றத் தைக்கிற ஒரு பொருளுக்கு, குளிரே தெரியாத அந்தமானில் என்ன வேலை?

ஜூன் மாதத்தில் போர்ட் பிளேரில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்குக் கணக்கிடப்பட்டது. இந்த ஊரோ 93 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடிகாரம் டில்லியினுடையது, சூரியன் பர்மாவினுடையது என்று சொல்லிவிடலாம். 2024 செப்டம்பர் முதல் அரசுக் காகிதங்களில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. பஸ் கண்டக்டருக்கும் மீன்காரருக்கும் அது இன்னும் போர்ட் பிளேர்தான்.

மொழிபெயர்ப்பு வேலை ஒன்றுக்காக ஒரு மாதம் தங்க டெலானிப்பூர் பக்கம் ஓர் அறை எடுத்திருந்தேன். பழைய வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை. வந்த மூன்றாம் நாள் இரவு தென்மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகும் என்று பயந்து பெட்டியையும் அகராதிகளையும் அறையின் நடுவே இழுத்து வைத்தேன். கூரையிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. தண்ணீர் வந்தது கதவுக்கு அடியிலிருந்து. மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிக்கொள்ளும் என்பதால் கீழே ஒரு விரல் இடைவெளி விட்டு இழைத்திருந்தார்கள். அந்த ஒரு விரல் வழியாகக் காற்று விசிலடித்தது. காற்றின் பின்னால் தண்ணீர் வந்தது. தண்ணீரின் பின்னால், பத்து மணி சுமாருக்கு, சுட்டுவிரலைவிட நீளமான ஒரு பூரான் வந்தது.

அந்தமான்வாசிகள் பாம்பைவிடப் பூரானுக்கு அதிகம் அஞ்சுகிறார்கள். இந்தியில் 'கான்கஜூரா'. கடித்தால் உயிர் போவது அபூர்வம். ஆனால் வலி ஓர் இரவு முழுக்க உயிரை எடுக்கும். செருப்பால் அதன் கணக்கை முடித்துவிட்டு, தேங்காய்ப்பூத் துண்டைச் சுருட்டிக் கதவிடுக்கில் திணித்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் அறையின் பாதி நனைந்திருந்தது. துண்டு இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு நனைந்திருக்காது.

"அது திரி தம்பி" என்று சிரித்தார் வீட்டுக்கார அம்மாள். "வெளக்குத் திரி எண்ணெய இழுக்கிற மாதிரி, வெளியில நிக்கிற தண்ணிய நீங்களே உள்ள இழுத்து விட்டுட்டீங்க." உள்ளே போய் ஒரு பொருளைக் கொண்டுவந்து கதவோரம் போட்டார். கறுப்புத் துணியில் தைத்த, மூன்று அடிக்குச் சற்று அதிக நீளமான உருளை. கைப்பிடிக்குள் அடங்காத பருமன். பார்த்தால் கொழுத்த பாம்பு படுத்திருப்பது போல இருந்தது. அன்று இரவும் அதே காற்று, அதே மழை. அறை காய்ந்து கிடந்தது.

அவர் அதைக் 'கதவுத் தலகாணி' என்கிறார். பேரப் பிள்ளைகளுக்கு அது 'பாம்பு'. இங்கிலாந்து போன்ற குளிர்ப் பிரதேசங்களில் இது வீட்டுக்கு வீடு உண்டு. அங்கே கதை வேறு. கணப்பு எரியும் வீட்டுக்குள் சூடான காற்று இலேசாகி மேலே எழும்பி, கூரை இடுக்குகளின் வழியே வெளியேறுகிறது. போன காற்றின் இடத்தை நிரப்ப, கதவின் அடியிலிருந்து குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கால் சில்லிட்டுப் போகிறது. ஆகவே பழைய துணியில் ஓர் உருளை தைத்துக் கதவடியில் போட்டு வெப்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். அந்தமானில் வெப்பத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை. அது ஆண்டு முழுவதும் தாராளமாகவே கிடைக்கிறது. மழைக்கால இரவில்கூட வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஆனால் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர், அதாவது சென்னை பெறுவதைப் போல் இரண்டு மடங்கு. மே மத்தியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஒரு பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து இன்னொன்று. வீட்டின் எந்தப் பக்கம் வாசல் வைத்தாலும் வருஷத்தில் சில மாதம் அது காற்றுக்கு எதிரில்தான்.

இந்த இரண்டு காற்றுகளும் தீவின் ஆதிகுடிகளுக்கு வெறும் காற்றுகள் அல்ல, ஆட்கள். 1906 முதல் 1908 வரை இங்கே தங்கி ஆராய்ந்து 1922-ல் புத்தகம் வெளியிட்ட மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் இதைப் பதிவு செய்திருக்கிறார். வடகிழக்குக் காற்றுக்கு உரியது பிலிகு. தென்மேற்குக்கு உரியது தராய். தேன்மெழுகை உருக்கினாலும், சில்வண்டு பாடும் நேரத்தில் இரைச்சல் போட்டாலும் பிலிகுவுக்குக் கோபம் வரும், புயல் கிளம்பும். தமிழனும் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவன்தான். வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பத்துப்பாட்டில் ஒன்றான நக்கீரரின் நெடுநல்வாடை, 188 அடிகளில் வாடைக்கால நகரம் ஒன்றைக் காட்டுகிறது. மக்கள் ஜன்னலை அடைத்துவிடுகிறார்கள். குளிர்ந்த நீர் இருக்கும் குறுகிய வாய்ப் பாத்திரத்தை யாரும் தொடுவதில்லை. அகன்ற வாய்ச் சட்டியில் நெருப்பை வைத்துக் குளிர் காய்கிறார்கள். கல்லூரியில் இந்தப் பாட்டைப் படித்தபோது, வியர்த்து வழியும் மதுரையில் இவ்வளவு குளிரா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். பேராசிரியர் பதிலுக்குச் சிரித்தார். குளிர் என்பது வெப்பமானியில் மட்டும் இருப்பதல்ல என்பது டெலானிப்பூரில்தான் எனக்குப் புரிந்தது. நனைந்த தரையில் காற்று ஊதினால் 24 டிகிரியிலும் மூட்டு வலிக்கும், குழந்தை இருமும். 'ஊதக்காத்து' என்று நம் வீடுகளில் காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு பாட்டிகள் பயந்தது இதற்குத்தான்.

"எங்க அம்மா இதுக்குக் கூதல் மூட்டைன்னு பேர் வெச்சிருந்துச்சு" என்றார் அம்மாள், ஒரு மத்தியானம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்டதில் மூன்று தீவுகளின் கதை வந்தது.

முதல் தீவு இலங்கை. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் பிறந்தவர் அவர். முதுகோடு முதுகாக ஒட்டிய ஒற்றை அறைகளின் வரிசைதான் லயம். மலையில் ராத்திரிக் குளிர் பத்து டிகிரிக்கு இறங்கும். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக் கிழிந்துபோன படங்குச் சாக்கைச் சுருட்டி, உள்ளே காய்ந்த மானாப்புல்லை அடைத்துத் தைத்து, இரவில் கதவடியில் போடுவார் தாய். ஒரு கம்பளிக்குள் நாலு பிள்ளைகள். கூதல் மூட்டை நகர்ந்துவிட்டால் கதவோரம் படுத்த பிள்ளைதான் முதலில் விழித்து அழும். "அது நான்தான்" என்கிறார்.

1964 அக்டோபர் 30-ம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மலையகத் தமிழரில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றவர்கள் உண்டு. அவர்களுக்குக் குளிராவது பழைய குளிராக இருந்தது. வேறு ஒரு சிறு கூட்டம் எழுபதுகளில் கப்பலேறி நிக்கோபார் தீவுக் கூட்டத்தில் உள்ள கச்சாலுக்குப் போனது. அங்கே அரசு ரப்பர் தோட்டம் போட்டிருந்தது. தேயிலை பறித்த கைகள் ரப்பர் மரம் சீவக் கற்றுக்கொண்டன.

"கப்பல்ல எங்க அம்மா அந்த மூட்டையையும் கட்டிக்கிட்டு வந்துச்சு. கச்சால்ல எறங்கினா வெந்து போற சூடு. எல்லாரும் சிரிச்சாங்க. மழை தொடங்கினப்புறம் யாரும் சிரிக்கல." சாக்கு உருளை அந்த மழையில் ஒரே மாதத்தில் அழுகிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தாய் யோசித்தார். தீவு முழுக்கத் தென்னை. புல்லுக்குப் பதில் தேங்காய் நார் அடைத்தார். நார் தண்ணீரில் சுலபத்தில் அழுகாது. நனைந்தாலும் உதறி வெயிலில் போட்டால் காய்ந்துவிடும். அது இரண்டாவது தீவு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது. கச்சால் சுனாமியில் மிக அதிகமாக உயிர்களை இழந்த தீவுகளில் ஒன்று. ஆடிய உடனேயே தோட்டத்து மேட்டுக்கு ஓடியதால் இந்தக் குடும்பம் பிழைத்தது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, நானும் துருவவில்லை. கச்சாலிலிருந்து என்ன கொண்டுவந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். "உடுத்தியிருந்தது" என்றார்.

மூன்றாவது தீவு இது, தெற்கு அந்தமான். முதலில் நிவாரண முகாம். பிறகு தகரத்தாலான தற்காலிகக் குடியிருப்பு. பகலில் அடுப்பு, இரவில் முரசு என்று அதை வருணிக்கிறார். தகரச் சுவருக்கும் தரைக்கும் நடுவே நாலு பக்கமும் இடைவெளி. அப்போது அவருடைய மகளுக்குக் கைக்குழந்தை. தாய் உயிரோடு இல்லை. தைத்துக் காட்டவும் ஆள் இல்லை. நிவாரணப் பொருள்களோடு வந்து, கம்பி முறிந்து எறிந்து கிடந்த குடை ஒன்றை எடுத்தார். துணியைப் பிரித்தார். முதல் 'கதவுத் தலகாணி' அப்படிப் பிறந்தது. அந்த வரிசையில் இருந்த தகர வீடுகளுக்கெல்லாம் தைத்துக் கொடுத்ததாகச் சொல்கிறார். கூலியாக யாராவது தேங்காய் கொடுப்பார்கள், யாராவது மீன்.

அவருடைய மேற்பார்வையில் நானும் ஒன்று தைத்தேன். செய்முறை எளிதானது, ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. குடைத் துணி எட்டு முக்கோணங்கள். அவற்றில் ஆறை எடுத்துத் தலைமாற்றித் தலைமாற்றி வைத்து ஒட்டுத் தையல் போட்டால் ஒரு நீண்ட பட்டை கிடைக்கும். அதில் 40 அங்குல நீளம், 14 அங்குல அகலம் வெட்ட வேண்டும். கதவு 36 அங்குலம் என்றால் உருளை இரண்டு பக்கமும் ஓர் அங்குலமாவது மிஞ்சி நிலையோடு அழுந்த வேண்டும். மூலையில் விடும் இடம்தான் பூரானுக்கு ராஜபாட்டை. அகலத்தை மடித்துத் தைத்தால் நாலு அங்குலப் பருமன் வரும்.

நார் மட்டும் அடைத்தால் கனம் போதாது; காற்று உருளையை அறைக்குள் தள்ளிவிடும். எனவே நடுவில் ஒரு கனமான தண்டு வேண்டும். கடல் மணல் என்று நான் சொன்னதும் அம்மாள் கையை ஆட்டினார். இங்கே மணல் விலையுயர்ந்த சமாசாரம். காடு வெட்டுவதையும் கடற்கரை மணல் அள்ளுவதையும் கட்டுப்படுத்தி 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கட்டடக்காரர்கள் கல்லுடைத்த தூளுக்கு மாறினார்கள். தவிர, கடல் மணலின் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூட்டை காயவே காயாது. பக்கத்தில் வீடு கட்டும் இடத்திலிருந்து ஒன்றரை கிலோ கல்தூள் கேட்டு வாங்கி வந்தோம். பழைய பாவாடையில் விரல் பருமனுக்குச் சற்று அதிகமாக ஒரு குழாய் தைத்துத் தூளை நிரப்பி, சாணுக்கு ஒரு குறுக்குத் தையல். இல்லாவிட்டால் தூள் முழுவதும் ஒரு மூலைக்கு ஓடிப்போய்விடும். இந்தக் குழாயை நடுவில் வைத்துச் சுற்றிலும் நாரைத் திணிக்க வேண்டும். திணிப்பதில்தான் கை தெரியும். இறுகத் திணித்தால் உருளை கட்டையாகித் தரையின் மேடுபள்ளத்தோடு ஒட்டாது. தளர விட்டால் நடுவில் தொய்யும். "கொழுக்கட்டைக்குப் பூரணம் வைக்கிற மாதிரி" என்பது அவர் சொன்ன அளவு.

பருத்தி நூல் இந்த ஈரத்தில் ஒரு பருவம்கூடத் தாங்காது. தூண்டில்காரர்களின் மெல்லிய நைலான் நரம்பு நூல்தான் தையலுக்கு. தையல் வாயைக் கதவின் பக்கம் வைக்கக் கூடாது. ஊசித் துளை வழியே தண்ணீர் கசியும். அறையைப் பார்த்தபடி வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாசற்படி வெளிப்பக்கம் சரிந்திருப்பது. தடுக்கப்பட்ட தண்ணீர் திரும்பி ஓட வழியில்லாவிட்டால் எந்தத் தலகாணியும் உதவாது. ஜனவரியில் மழை ஓய்ந்ததும் பிரித்து, நாரை வெயிலில் உலர்த்தி, மறுபடி தைத்துவிடுகிறார். ஒரு குடைத்துணி இரண்டு, மூன்று வருஷம் தாங்குகிறது.

இடையில் ஓர் எச்சரிக்கை. உதகை, கொடைக்கானல் வாசகர்கள் இதைத் தைத்துக்கொள்வதானால், அறைக்குள் கரியடுப்பு மூட்டிவிட்டு இடுக்குகளை அடைக்க வேண்டாம். மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே கொன்றுவிடும். மலைப் பிரதேசங்களில் இப்படிப்பட்ட சாவுகள் பலமுறை செய்தியாகியிருக்கின்றன. நெடுநல்வாடை காலத்து வீட்டில் ஜன்னலை அடைத்தாலும் ஓட்டிலும் கூரையிலும் மூச்சு விட இடம் இருந்திருக்கும். இன்றைய கான்கிரீட் அறையில் அது கிடையாது.

மழை விட்ட ஒரு நாள் இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நிக்கோபாரிகளின் வீட்டு மாதிரி அங்கே இருக்கிறது. தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்தது போன்ற புல் கூரை. ஆளுயரக் கால்களின் மேல் நிற்கும் தரை. அந்த வீட்டுக்கு முன்வாசல் கிடையாது. ஏணி வழியே கீழிருந்து தரையின் திறப்புக்குள் ஏற வேண்டும். சுற்றி வரும் காற்று வளைந்த கூரையில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. சாரலுக்கு எதிரே நிற்கச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. கதவு இல்லாத வீட்டில் கதவிடுக்கும் இல்லை. வாசல் பிரச்சினையை வாசலை இடம் மாற்றியே தீர்த்திருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு அரசு தீவுகளில் 9,000-க்கும் அதிகமான நிரந்தர வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. பெரும்பகுதிப் பொருள்கள் கப்பலில் வந்தவை. உறுதியான வீடுகள்தாம். ஆனால் அவற்றில் நம் ஊர் வீட்டைப் போல முன்னால் ஒரு கதவு உண்டு. கதவோடு கூடவே அதன் இடுக்கும் வந்துசேர்ந்தது. கதவைக் கொடுத்தவர்கள் தலகாணியையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று அம்மாளிடம் சொன்னேன். "அதுக்கு எங்கள மாதிரி ஆள கேக்கணும்ல" என்றார்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளின் 3.8 லட்சம் மக்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத் தமிழ் தாய்மொழி. பஜாரில் இந்தி பேசிவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் சலித்துக்கொள்பவர்கள். அவர்களின் வீடுகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. பலகை போய்க் கான்கிரீட் வந்துவிட்டது, கான்கிரீட்டோடு ஏ.சி.யும் வந்திருக்கிறது. அம்மாளின் பேத்தி கல்யாணமாகிக் குடியேறிய இரண்டு அறை வீட்டிலும் ஒன்று ஓடுகிறது. போன வருஷம் பேத்தி பாட்டியிடம் ஒரு பாம்பு கேட்டு வாங்கிப் போனாராம். மழைக்கு அல்ல. ஏ.சி. அறையின் குளிர்ந்த காற்று கனமானது. தரையோடு படிந்து கதவின் அடியாகத்தான் வழிந்து வெளியேறும். அதை அடைத்தால் மின்சாரம் மிச்சம்.

தீவுகளில் அந்த மிச்சத்துக்கு மதிப்பு அதிகம். இங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. டீசல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் பயணம் செய்து வருகிறது. நெய்வேலியின் என்.எல்.சி. நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருந்தாலும், பாரத்தை இன்னும் டீசல்தான் சுமக்கிறது. கதவிடுக்கில் ஒழுகுகிற குளிருக்கும் அந்தக் கப்பலுக்கும் சம்பந்தம் உண்டு. லயத்தில் குளிரை வெளியே நிறுத்தப் பிறந்த மூட்டை, மூன்று தலைமுறை தாண்டி, குளிரை உள்ளே நிறுத்தப் படுத்திருக்கிறது.

நான் தைத்த பாம்பு நடுவில் பருத்து வாலில் மெலிந்திருந்தது. அம்மாள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு பிடி நாரை எடுத்து அடுத்த பக்கம் திணித்துத் தைத்தார். கண்ணாடி போடவில்லை. பேசிக்கொண்டேதான் தைத்தார். பேத்திக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. தேவைப்பட்டா வந்துரும்" என்றார். "எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? கதவோரம் படுத்திருந்தேன், அவ்வளவுதான்."

விமான நிலையத்தில் என் பையைத் துழாவிய காவலர் கறுப்பு உருளையை வெளியே எடுத்து, அழுத்திப் பார்த்து, இது என்ன என்று இந்தியில் கேட்டார். சொல்லத் தெரியாமல் விழித்தேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தமிழில் முணுமுணுத்தார்: "கதவுக்குப் போடுறது. கான்கஜூரா வராது." அதை இந்தியாக்கிச் சொன்னதும் காவலர் முகம் தெளிந்தது. தலையாட்டிப் பையில் வைத்துவிட்டார். சென்னையில் என் வீட்டு வாசலில் இப்போது அது படுத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறேன்.